இருமல் இல்லாத வார்டு

வெள்ளைக்காரன் காலத்தில் மலையடிவாரத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. பெரிய டாக்டர் வைகுந்தம் வார்டு ஆயா ஞானப்பூவைக் கூப்பிட்டார். "நாளைக்கு மந்திரி வர்றார். வார்டுல ஒரு இருமல் கேட்கக் கூடாது. இருமுறவனையெல்லாம் வெளியே தள்ளு!"

ஞானப்பூ ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஐப்பசி மழை. நனைந்தால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள்.

"வார்டுல கேட்கக் கூடாது, அவ்வளவுதானே எசமான்?"

"அவ்வளவுதான்."

மறுநாள் டாக்டர் மந்திரியை அழைத்துவர ரயிலடிக்குப் போனார். திரும்பி வந்தால் கட்டில்கள் அத்தனையும் காலி.

"நோயாளிகள் எங்கே?" என்றார் மந்திரி.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சமாளித்து, "எல்லாரும் குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்க," என்று சிரித்தார்.

அப்போது எதிரே இருந்த டாக்டர் பங்களாவில் யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர். பிறகு ஒரு கூட்டமே இருமியது.

மந்திரி விறுவிறுவென்று அங்கே நடந்தார். கூடம் முழுக்க எலும்பும் தோலுமாக மனிதர்கள் போர்வைக்குள் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஆஸ்பத்திரிப் பால் கேன்கள், கூடை கூடையாக முட்டை.

"இவங்களை யாருடி இங்கே கொண்டுவந்தது?" டாக்டர் அலறினார்.

"நான்தான் எசமான். வார்டுக்கு வர்ற பாலும் முட்டையும் இங்கேயே தங்கிடுது. அதான், சாப்பிட வேண்டியவங்களைக் குடை பிடிச்சு இங்கேயே கூட்டியாந்துட்டேன்."

மந்திரி பால் கேன்களில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைக் குனிந்து பார்த்தார். ஒரு நோயாளி கையிலிருந்த முட்டையை உரிக்கத் தெரியாமல் அவரையே பார்த்தான்.

அன்று மாலையே பங்களாவைக் காலி செய்ய மந்திரி உத்தரவு போட்டார். வெளியே போனவர் டாக்டர்.