மேகக் குளத்து வாத்துகள்

எத்தனையோ மழைக்காலங்களுக்கு முன்னால், ஒரு நாட்டை மகிபாலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அரண்மனைக்குப் பின்புறம் ஒரு குளம். விடிந்ததும் வானத்து மேகமெல்லாம் அதில் இறங்கி மிதக்கும். அரசன் அதைப் பார்த்துப் பார்த்துத் தன்னை மறந்துபோவான். ஒருநாள் அவனுக்கு விசித்திரமான ஓர் எண்ணம் தோன்றியது.

"இந்தக் குளத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் கரை தாண்டக் கூடாது. தாண்டினால் என் மேகங்கள் குறைந்துவிடும்!" என்று ஆணையிட்டான்.

குளத்தை ஒட்டித்தான் விகடகவி கொன்றையானின் வீடு. அவனும் அவன் மனைவி அல்லியம்மையும் கொல்லையில் ஏழு வாத்துகள் வளர்த்தார்கள். அவை தவிடும் நத்தையும் தின்றுவிட்டு, அகன்ற மண்தொட்டியில் நாளெல்லாம் அளைந்துகொண்டிருக்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவற்றின் சத்தம்தான் பேச்சுத்துணை. கோடையில் தொட்டி வறண்டது. ஒரு காலையில் ஏழும் வேலி இடுக்கில் நுழைந்து, வரிசையாக நடந்துபோய், குளத்தில் இறங்கிவிட்டன. பார்ப்பதற்கு மேகத்தின்மேல் நீந்துவதுபோலவே இருந்தது.

கொன்றையான்மேல் நெடுநாள் பொறாமை கொண்டவர் பிரதானி வீரநாரணர். அவர் அரசனைக் கையோடு அழைத்துவந்தார்.

"மன்னா, இவை உடம்பெல்லாம் தண்ணீரைச் சுமந்து வெளியேறப் போகின்றன. வாத்துகளை மடைப்பள்ளிக்கும், வளர்த்தவனை நாட்டுக்கு வெளியேயும் அனுப்ப வேண்டுகிறேன்."

அல்லியம்மை ஓடிவந்து கணவனின் கையைப் பிடித்தாள். "ஏங்க, என் பிள்ளைங்களைக் கறியாக்கிடுவாங்களே! ஏதாச்சும் சொல்லுங்களேன்!"

கொன்றையான் நிதானமாக வணங்கினான். "அரசே, ஒரு சொட்டு கரை தாண்டினாலும் தண்டனையை ஏற்கிறேன்."

"பா... பா..." என்று மெல்ல அழைத்தான். ஆறு வாத்துகள் வந்தன. தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் நின்று சிறகை உதறின. அவசரமே இல்லாமல் வெயில் காய்ந்தன. பிறகுதான் மேலே ஏறின. அரசன் ஒன்றின் முதுகைத் தடவினான். இலவம்பஞ்சுபோல் உலர்ந்திருந்தது.

"ஏழாவது எங்கே?" என்றார் பிரதானி. அது நடுக்குளத்தில் அரைத்தூக்கத்தில் மிதந்தது. "நனைந்திருப்பதால்தான் இவன் அதை அழைக்கவில்லை!"

"நான் பிடித்தால் துடைத்துவிட்டேன் என்பீர்கள். ஐயாவே தங்கள் கையால் பிடித்து மன்னரிடம் கொடுங்கள்."

பிரதானி பட்டாடையோடு இறங்கினார். வாத்து நழுவியது. துரத்தினார், வழுக்கினார், முழுகி எழுந்தார். கடைசியில் அதை அணைத்துக்கொண்டு கரையேறி, அரசன் கையில் கொடுத்தார். அவர் தலைப்பாகையிலிருந்தும் அங்கவஸ்திரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டி, கரையைத் தாண்டித் தெருவரை ஓடியது.

"அரசே, குடம் குடமாகக் குளம் வெளியேறுகிறது!" என்றான் கொன்றையான். "ஆனால் ஐயாவை மடைப்பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். ஆடையைக் குளத்திலேயே பிழிந்துவிட்டுப் போகட்டும்."

அரசன் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிரதானி ஒரு மூலையில் தலைப்பாகையைப் பிழிந்தார்.

"கொன்றையா, இனி உன் வாத்துகள் இங்கே விருப்பம்போல் நீந்தட்டும். அரண்மனைத் தவிடு நாள்தோறும் உன் கொல்லைக்கு வரும்" என்ற அரசன், தன் முத்துமாலையைக் கழற்றி அவனிடம் கொடுத்தான்.

ஏழாவது வாத்து அரசன் மடியில் சுருண்டு, அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கிப்போனது. சபைக்கு நேரமாயிற்று என்று காவலன் வந்து நின்றான்.

அரசன் உதட்டில் விரல் வைத்தான். "மெதுவாகப் பேசு. இது எழுந்ததும் வருகிறேன்."

அன்று சபை கூடியபோது உச்சிவேளை தாண்டிவிட்டது.