பாறைமேல் பேசிய மந்திரி

மருதன் என்ற கருங்குரங்கு, அடுத்தடுத்து மூன்று புலிராஜாக்களுக்கு மந்திரியாக இருந்தது. நான்காவதாகப் பட்டத்துக்கு வந்தது ஓர் இளம்புலி. "உங்களுக்கு வயதாகிவிட்டது. போய் ஓய்வெடுங்கள்!" என்று அது மருதனை அனுப்பிவிட்டது.

மருதன் குளக்கரைப் பாறையில் வந்து உட்கார்ந்தது. பேச்சுத்துணைக்கு யாரும் இல்லை.

ஒருநாள் துடுக்கி என்ற மைனா பறந்து வந்தது. "ஐயா, ராஜா காலையிலேயே எல்லைக்குப் போகிறாரே! எதற்கு?"

"வேறு எதற்கு? அங்கே திரியும் சிறுத்தையை மிரட்டத்தான்!"

அப்படியே நடந்தது. துடுக்கியும் மற்ற மைனாக்களும் மருதனின் பேச்சை அதே குரலில் காடு முழுக்கச் சொல்லித் திரிந்தன. மறுநாள் பாறையைச் சுற்றி மான், முயல், காட்டெருமை என்று பெருங்கூட்டம். மருதனுக்கு அத்திப்பழம் குவிந்தது.

அதன்பிறகு தினமும் கேள்விதான். "ராஜா ஏன் உறுமினார்? ராணி ஏன் உறுமவில்லை?"

மருதனுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ராஜாக்களின் குகை. புதுக் குகைக்குள் என்ன நடக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்றால் கூட்டம் கலைந்துவிடும். வாய்க்கு வந்ததைச் சொன்னது. "மழைக்கு முன்னால் சிறுத்தை ராஜாவாகிவிடும்!" என்றது. மழை வந்தது, போனது. சிறுத்தை சிறுத்தையாகவே இருந்தது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சண்டை இருந்தால் கூட்டம் கூடும் என்று துடுக்கி ஒரு முள்ளம்பன்றியையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தது. மருதன் எதைச் சொன்னாலும் இல்லை என்பதுதான் அதன் வேலை. மருதனுக்குத் தாடை வலித்தது. கிளைக்குத் திரும்பினால் பழம் தின்னக்கூடத் தோன்றாது.

கோடையில் குளம் வற்றியது. "எல்லோரும் மேற்குப் பள்ளத்தைக் கடந்து ஆற்றுக்குப் போகவேண்டும்!" என்று ராஜா உத்தரவிட்டது.

மருதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது ராஜாவோடு அது அந்தப் பள்ளத்துக்குப் போயிருக்கிறது. மேலே காய்ந்த மண். அடியில் புதைசேறு. ஒரு காட்டெருமை முழுசாக உள்ளே போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறது.

"போகாதீர்கள்! அது புதைசேறு! வடக்கு மேடு சுற்றுவழிதான், ஆனாலும் அதில் போங்கள்!" என்று பாறைமேல் நின்று கத்தியது.

"பிரமாதம்!" என்றது துடுக்கி. "முள்ளம்பன்றியாரே, உங்கள் பதில்?"

"ராஜா சொன்னதுதான் சரி! மருதனுக்குப் பதவி போன கோபம்!" என்றது, பள்ளத்தைப் பார்த்தே இராத முள்ளம்பன்றி. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

ஒரு பெண்மான் மட்டும் குட்டியோடு கிட்டே வந்தது. "ஐயா, வாதம் கிடக்கட்டும். இவளைக் கூட்டிக்கொண்டு நான் போகலாமா, கூடாதா?"

"கூடாதம்மா!"

"சிறுத்தை ராஜாவாகும் என்றும் இப்படித்தானே அடித்துச் சொன்னீர்கள்?" என்றது மான். அதன் குரலில் கேலி இல்லை. பயம்தான் இருந்தது.

மருதன் பாறையைவிட்டு இறங்கி ராஜாவின் குகைக்கு ஓடியது. வாசலில் காவல் நின்ற செந்நாய் மறித்தது. "தினமும் ராஜாவைத் திட்டிவிட்டு இங்கே என்ன வேலை? போ!"

அதற்குள் விலங்குகள் கிளம்பிவிட்டன. மருதன் மூச்சிரைக்கக் குறுக்குவழியில் ஓடிப் பள்ளத்தின் முன்னால் போய் நின்றது.

"தள்ளுங்கள் ஐயா!" என்றது முன்னால் வந்த யானை.

மருதன் திரும்பிப் பள்ளத்துக்குள் நடந்தது. நாலு அடியில் கால் உள்ளே போனது. பிறகு இடுப்பு. பிறகு மார்பு. கூட்டம் அப்படியே நின்றது. மான் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டது. யானை கரையில் மண்டியிட்டு, தும்பிக்கையை நீட்டி மருதனை இழுத்துப் போட்டது.

பின்னால் வந்த ராஜா சேற்றைப் பார்த்தது. மருதனைப் பார்த்தது. "வடக்கு மேட்டு வழியாகப் போங்கள்," என்றது.

துடுக்கி பறந்து வந்தது. "ஐயா! சேற்றில் நின்றபோது மனதில் என்ன ஓடியது? ராஜாவுக்கு இது தோல்விதானே? சீக்கிரம் சொல்லுங்கள்!"

"எனக்குத் தூக்கம் வருகிறது," என்று மருதன் கண்ணை மூடிக்கொண்டது.

துடுக்கி கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு முள்ளம்பன்றியைத் தேடிப் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டே இருப்பவர் என்றைக்காவது உண்மையைச் சொன்னால், அதையும் இன்னொரு கருத்தாகத்தான் ஊர் கேட்டுக்கொள்ளும்.