செத்தபின் சிரிக்க வேண்டும்

நாடக மேடையில் தொடங்கி சினிமாவில் தலை நரைத்தவர் தில்லைநாயகி. ராணி, அண்ணி, மாமியார் என்று எல்லாம் நடித்து முடித்துவிட்டார். இப்போது அவருக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் செத்துப்போகிற வேஷம்தான்.

நளாயினி அவரிடம் நடிப்புப் படித்தவள். மழைப் பாட்டும் மலைப் பாட்டும் ஆடி, ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டராகச் சிரித்தவள். நாற்பதைத் தாண்டியதும் போஸ்டர் கிழிந்தது. போன் வருவதும் குறைந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. மத்தியான வெயிலில் நளாயினி ஆசிரியையைத் தேடிக்கொண்டு வந்தாள். கூடத்து நடுவில், பெஞ்சின் மேல் தில்லையம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தாடையையும் தலையையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கட்டு. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. நெற்றியில் ஒட்டிய காசு. மார்பு நிறைய ரோஜா மாலை. சுற்றிலும் லைட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா,” என்றாள்.

தில்லையம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “வாடி. வாயைக் கட்டியிருக்காங்க. சுருக்கமாச் சொல்லு.” பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

“ஒரு படம் வந்திருக்கும்மா. அம்மா வேஷம். இடைவேளைக்கு முன்னாடியே செத்துடறேன்.”

“யாருக்கு அம்மா?”

“அதை அப்புறம் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்குறாங்க. முடியாதுன்னா இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. சரின்னா, இனிமே எல்லாரும் இதுக்குத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டுமே அலுப்பா இருக்கு. நான் என்னம்மா சொல்ல?”

தில்லையம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“அழுவுற பொம்பளைங்கள்ல ஒருத்தி மயக்கம்னு எழுந்து போயிட்டா. அந்த இடம் காலியா இருக்கு. முக்காடு போட்டுக்கிட்டு உக்காரு.”

“நானா?”

“எவ்வளவு நேரம்டி நிப்ப? உக்காருன்னுதானே சொல்றேன்.”

நளாயினி கட்டியிருந்தது சாதாரண நூல் புடவைதான். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் தலையை விரித்துப் போட்டிருந்த பெண் அவளை இடித்தாள்.

“புதுசா? சாப்பாட்டு டோக்கன் வாங்கிட்டியா?”

“இல்லக்கா.”

“மொதல்ல அதை வாங்கிடு. இங்க முகமெல்லாம் விழாது. முதுகைக் குலுக்கு, போதும்.”

காட்சி இதுதான். புதுக் கதாநாயகன் ஓடி வந்து அம்மா காலில் விழுந்து அழ வேண்டும். ஓடி வந்தான், விழுந்தான். அழுகை மட்டும் வரவில்லை. கிளிசரின் போட்டார்கள். கண் சிவந்ததே தவிர முகம் இளகவில்லை. மறுபடி ஓடி வந்தான். மறுபடி விழுந்தான். இயக்குநர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

லைட்டைச் சரிசெய்யும் நேரத்தில் பிணம் பேசியது.

“நளா, நீ சும்மா முதுகை ஆட்டுற.”

“முதுகுதானேம்மா படத்துல வரும்?”

“எனக்கு?”

“நீங்கதான் கண்ணை மூடியிருக்கீங்களே.”

“காதை மூடலையே.”

அடுத்த தடவை நளாயினி தலையை நிமிர்த்தி, ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். பொய்த் தூக்கம் தூங்குகிற பிள்ளையை இமையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அது துடித்துக்கொண்டே இருக்கும். இங்கே, இமைமேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. நடந்தது. மூக்குக்கு இறங்கியது. ஒன்றும் அசையவில்லை. மாலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

காலடியில் கதாநாயகனும் அதைப் பார்த்தான் போலிருக்கிறது. வசனத்தின் நடுவில் அவன் குரல் உடைந்தது. நிஜமாகவே விம்மத் தொடங்கினான். 

நளாயினி மெதுவாகக் கையை நீட்டி மூக்கருகே விரலை வைத்தாள். காற்று படவில்லை.

“ஐயோ, மூச்சு இல்ல! தண்ணி கொண்டாங்க! அம்மா! அம்மா!” என்று மாலையைப் பிய்த்து எறிந்து, தோளைப் பிடித்து உலுக்கினாள். முக்காடு நழுவி விழுந்தது.

“கட்! யாரும்மா அது, அறிவில்ல?” என்று ஓடி வந்த இயக்குநர், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். “மேடம்... நீங்களா?”

டோக்கன் வாங்கச் சொன்ன பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தில்லையம்மா கண்ணைத் திறந்தார். “ஏன்டி பாவி. அந்தப் பையன் இப்பத்தான் அழ ஆரம்பிச்சான்.”

“மூச்சே இல்லம்மா!”

“பொணத்துக்கு எதுக்கு மூச்சு?” இயக்குநர் பக்கம் முகத்தைத் திருப்பினார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. இன்னொரு தடவை சாகறேன்.”

மாலை பிய்ந்துபோயிருந்தது. வேறு மாலை வரும்வரை நளாயினி ஓர் அட்டையால் அவருக்கு விசிறினாள். தில்லையம்மாவுக்கு மேல்மூச்சு வாங்கியது.

“உங்க வயசுக்கு இது எதுக்கும்மா? அத்தனை பூவுக்கு நடுவுல மூக்கு நுனிதான் தெரியுது. மூச்சு விட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“நான் முதமுதல்ல மேடை ஏறினதே பொணமாத்தான். தெரியுமா?”

“சொன்னதில்லையே.”

“அதுல பெருமையா என்ன இருக்கு, சொல்ல? பாம்பு கடிச்சுச் செத்த பிள்ளை வேஷம். அம்மா வேஷம் போட்டவங்க மடியில போட்டுக்கிட்டுப் பாடணும். அவங்க பாட ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டாங்க. எனக்குக் காதுல கொசு. பொறுத்துப் பார்த்தேன், முடியல. சொறிஞ்சுட்டேன்.”

“அடக்கடவுளே.”

“கொட்டகையே சிரிச்சுது.”

“அடிச்சாங்களா?”

“அடிச்சிருந்தா மறந்திருப்பேன். உள்ள வந்து, மையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க. நீ உசுரோட இருந்தா நான் யாருக்காகடி அழுவேன்னு.”

நளாயினியின் கையில் அட்டை நின்றுவிட்டது.

“விசிறுடி. வேர்க்குது,” என்றார் தில்லையம்மா.

புது மாலை வந்தது. தில்லையம்மா செத்தார். கதாநாயகன் கதறினான். டோக்கன் பெண் மூக்கைச் சிந்தினாள். நளாயினியும் அழுதாள். படத்தில் அவள் முதுகு மட்டும்தான் வரும்.

ஷாட் ஓகே ஆனது. ஆனால் பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்பி அனுப்பிவிட மாட்டார்கள். அபசகுனம் கழிய, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் கொஞ்சம் எடுத்த பிறகுதான் மாலையைக் கழற்றுவார்கள். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது. ஆனாலும் எடுக்காமல் விட மாட்டார்கள்.

தாடைக்கட்டை அவிழ்த்து, தில்லையம்மாவை உட்கார வைத்தார்கள். உதட்டை ஒரு பக்கம் இழுத்தார்.

“அம்மா, இது சிரிப்பு மாதிரி இல்லீங்களே,” என்றார் கேமராமேன்.

“வரலப்பா. செத்துச் செத்து அசந்துபோச்சு.”

“கொஞ்சம் பல்லு தெரியட்டும்மா.”

மறுபடி இழுத்தார். அதைப் பார்த்தால் பல்வலி என்றுதான் நினைப்பார்கள்.

“நளா, ஏதாவது சொல்லுடி. சிரிச்சாத்தான் விடுவாங்க. எனக்கு ஒண்ணுக்கு வேற முட்டுது.”

“என்னத்தைம்மா சொல்ல? யாருக்கு அம்மான்னு கேட்டீங்களே. துருவனுக்கு.”

“எந்தத் துருவன்?”

“மழைப் பாட்டுல என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினானே, அவன்தான். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். அவனை மடியில படுக்கப்போட்டு எண்ணெய் தேச்சுவிடுற சீன் இருக்கு. ஆனா அவன் தலையில இருக்கறது விக்கு. எண்ணெய் பட்டா வீணாப்போயிடுமாம். கை படாம தேய்க்கச் சொல்றாங்க.”

தில்லையம்மாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு மாலை குலுங்கியது. நெற்றிக் காசு தெறித்து உருண்டு ஓடியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கேமராமேனும் சிரித்துவிட்டார். நளாயினியும் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் அலுப்பு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கைப்பையில் போன் அடித்தது.

“அவங்கதாம்மா. என்ன சொல்லட்டும்?”

“கால் கட்டை அவிழ்த்துவிடு மொதல்ல. என்னால குனிய முடியல.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நளாயினி தரையில் உட்கார்ந்தாள். பாதம் வீங்கியிருந்தது. முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தாள்.

“அந்தத் துருவன் அழுவானா?” என்று கேட்டார் தில்லையம்மா.

“அவனா? கல்லு. கிளிசரினைக் குடத்தோட ஊத்தினாலும் வராது.”

தில்லையம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

“அப்ப உனக்குத்தான் வேலை ஜாஸ்தி,” என்றார்.