ஆவுடையப்பன் துப்பாக்கி வைத்த இடம்

ஏட்டு ஆவுடையப்பன் அதே கேள்வியை மறுபடியும் கேட்டபோது, இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி காரில் ஏறி உட்கார்ந்தார்.

கேள்வி சின்னதுதான். வெளியே தெரியாமல் துப்பாக்கியை வைத்துக்கொள்ள உடம்பில் எது சரியான இடம்?

வருகிற திங்கட்கிழமை முதல் ஆவுடையப்பன் ஒரு பெண் நீதிபதிக்கு மெய்க்காவலர். மணல் கொள்ளை வழக்கில் தண்டனை கொடுத்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு மிரட்டல் வந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டை கூடவே வருவது அவருக்குப் பிடிக்காது. அதனால் சாதாரண உடை, மறைவாகத் துப்பாக்கி. ஏட்டையாவைப் பழக்கி அனுப்பும் பொறுப்பு செண்பகவல்லியுடையது. வயதில் இளையவர்தான், ஆனால் அவர் சரி என்றால்தான் ஏட்டையா போகமுடியும்.

வலது இடுப்பில் வைத்துப் பார்த்தாயிற்று. காரில் உட்கார்ந்தால் சீட் பெல்ட் அதன்மேல் விழுந்து மாட்டிக்கொண்டது. முதுகுப் பக்கம் வைத்தால் சாய முடியவில்லை, அவசரத்துக்குக் கையும் எட்டவில்லை. முன்பக்கம் வைக்கலாம் என்றால் அங்கே ஏற்கெனவே தொப்பை குடியிருந்தது. கணுக்காலில் கட்டிக்கொண்டு நடந்த அன்று, கால் சுளுக்கா என்று கேட்காத ஆளில்லை. கூட்டாளிகள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். சொல்ல வேண்டியவர் மட்டும் வாய் திறக்கவில்லை. டீ வாங்கிட்டு வாங்க, கதவைத் திறங்க, ஸ்டேஷனுக்கு வந்த அந்தம்மா பிள்ளையைக் கொஞ்சம் தூக்குங்க என்று வேலை ஏவிக்கொண்டே இருந்தார். இது பயிற்சியா, வீட்டு வேலையா என்று ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், ஒரே ஒரு இடம் சொல்லுங்க. செத்தாலும் மாத்த மாட்டேன்."

"நீதிபதியம்மா வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவாங்க. இன்னிக்கு நான்தான் நீதிபதி. ஏறுங்க."

கடற்கரைக் கோயில். வாசலில் கூட்டம் நெருக்கியது. ஆவுடையப்பன் குண்டில்லாத துப்பாக்கியை வலது இடுப்பில் செருகி, மேலே தொளதொளவென்று சட்டையை விட்டிருந்தார். கோயில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"சட்டையைக் கழட்டிட்டுப் போங்க, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் விழித்தார். சின்ன வயதிலிருந்து வருகிற கோயில். ஆண்கள் சட்டையோடு ஒருநாளும் உள்ளே போனதில்லை. உடம்பு முழுக்க இடம் தேடியவருக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

காவலாளியிடம் தான் யாரென்று சொல்லலாம். சொல்லிவிட்டால் அப்புறம் மறைத்து என்ன பயன்? சொல்லாமல் சட்டையைக் கழற்றினால், இடுப்பிலிருக்கும் கறுப்பு உறை ஊருக்கே தெரியும். திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி நீதிபதி தோரணையில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து உதவி வராது.

பக்கத்துக் கடைக்கு ஓடித் துண்டு ஒன்று வாங்கினார். கடைக்குள்ளேயே சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, உறையை அதற்குள் சரித்துவிட்டு, சட்டையை மடித்து முழங்கையில் தொங்கவிட்டார். கடைக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சொல்லித்தராத இடம்.

வாசலுக்கு வந்தால் நீதிபதியைக் காணோம்.

வரிசையை இடித்துத் தள்ளி, வசவு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். சந்நிதியில் இல்லை. வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து செண்பகவல்லி பிரசாதம் தின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது, எரிச்சல் அதற்கு முன்னால் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எப்படி என்று கேட்டுவிட்டார். நீதிபதிகள் ஏட்டிடம் உத்தரவு வாங்கிக்கொண்டா சாமி கும்பிடுவார்கள் என்று செண்பகவல்லி திருப்பிக் கேட்டார்.

"சரி, அது போகட்டும் மேடம். துப்பாக்கி எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

செண்பகவல்லி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஏட்டையாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார்.

"தெரியலை. நல்ல இடம், ஏட்டையா."

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

செண்பகவல்லி மெல்லத் திரும்பி நின்றார். அவர் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, ஐந்து விரலும் பதியச் சந்தனம் அப்பியிருந்தது.

"வரிசையில நின்ன ஒருத்தர்கிட்ட இதை வைக்கச் சொன்னேன். வச்சது ஆணா பெண்ணா, அதையாவது சொல்லுங்க."

ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார். எல்லார் கையிலும் சந்தனம் இருந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை நீதிபதியம்மாவும் இதையேதான் கேப்பாங்க" என்றார் செண்பகவல்லி. "கேக்க முடிஞ்சா."