சுனைக்கரைக் குளம்புத் தடம்

மழை வழி தப்பிக்கூட எட்டிப் பாக்காத ஒரு பொட்டல்ல, ஒரு மலை இருந்துச்சாம். கள்ளி, கத்தாழை, உடைமரம், அவ்வளவுதான் முளைக்கும். ஆனாலும் அந்த நாட்டு ராசாவுக்கு அது மேல பிரியம். "இங்க யாரும் ஒரு சுள்ளி ஒடிக்கக்கூடாது, ஒரு முயலை அடிக்கக்கூடாது"ன்னு சொல்லி, கொண்டையன்னு ஒருத்தனைக் காவலுக்குப் போட்டாராம்.

மலைக்கே ஒரே ஒரு சுனை. காலையில மிருகமெல்லாம் வந்து குடிச்சிட்டுப் போயிரணும். அப்புறம் கௌதாரிங்க றெக்கையால கரை மணலைத் தடவி விட்டுரும். அதுக்கு மேல யார் தடம் விழுந்தாலும் அது திருட்டுத் தடம். சுனைக்கரையில சிறுத்தை யாரையும் தொடாது, திருடனை மட்டும் விடாது. அது மலைக்கட்டு, மலையில எல்லாரும் ஒத்துக்கிட்ட சட்டம்.

ஒரு கோடையில தண்ணி மடமடன்னு இறங்குது. சாயங்காலம் பாத்தா ஆட்டுக் குளம்புத் தடம். மறுநாள் பாத்தா ஆட்டுக் குளம்புத் தடம். மூணாம் நாளும் ஆட்டுக் குளம்புத் தடம். மலையில இருக்கிறதோ ஒரே வரையாடு, பால்குடி மறக்காத குட்டியோட.

"நான் இல்லவே இல்லை"ன்னு அழுதுச்சு ஆடு.

"பின்ன உன் நிழலா வந்து குடிச்சுச்சு?"ன்னு கேட்டுச்சு முள்ளம்பன்றி.

உடும்பு மட்டும் மணல்ல மூக்கை வச்சுப் பாத்துட்டு, "வரும்போது லேசா இருக்கு, போகும்போது ஆழமா அழுந்திருக்கே. ஏதோ பாரம் தூக்கிட்டுப் போயிருக்கு"ன்னுச்சு.

"வயிறு முட்டக் குடிச்சா அழுந்தாதா? நீயும் கூட்டா?"ன்னு அதட்டுச்சு முள்ளம்பன்றி.

உடும்பு வாயை மூடிக்கிச்சு. பின்ன, எதுக்கு வம்பு!

"நாளைக்குத் தடம் விழுந்தா, நீ எனக்கு இரை"ன்னுச்சு சிறுத்தை.

"எம் பிள்ளைக்கு யாரு பால் குடுப்பா?"ன்னுச்சு ஆடு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. எனக்கு இப்பச் சொன்னாலும் ஆத்திரமா வருது.

மறுநாள் உச்சி வெயில். கல்லு பொரியுது, எல்லாம் பொந்துக்குள்ள. சிறுத்தை கள்ளிப்புதர்ல பதுங்கியிருக்கு. டொக்கு டொக்குன்னு குளம்புச் சத்தம் வருது, குனிஞ்சு தண்ணியை மொள்ளுது, முதுகுல ஏத்திக்கிட்டுத் திரும்புது. பாஞ்சுது பாரு சிறுத்தை!

"ஐயோ சாமி, நான் ஆடு இல்ல! நான் ஆடு இல்ல!"

யாருங்கிறீங்க? காவக்காரன் கொண்டையன்! செத்த ஆட்டுக் குளம்பைக் கையில ரெண்டு, கால்ல ரெண்டு கட்டிக்கிட்டு, தோல்பையில தண்ணி எடுத்து அடிவாரத்துல தன் வெள்ளரிக்கு ஊத்தியிருக்கான். ஆடு மனுசக் குரல்ல கத்துதேன்னு சிறுத்தையே மிரண்டு நாலடி பின்னால போச்சு. அவன் விழுந்தடிச்சு ஓடுறான், நனைஞ்ச கட்டு அவுந்தாத்தானே! குளம்போடயே அரண்மனைக்குள்ள போய் விழுந்தான். ராசா பாத்தார், நடந்ததைக் கேட்டார், சிரிக்கலை. "அதே குளம்போட, அதே மாதிரி தவழ்ந்து, ஆத்துலேர்ந்து தண்ணி சுமந்து அந்தச் சுனையை நிரப்பு"ன்னுட்டார். அந்த ஆறு இருக்கிறதோ மூணு காதம் தள்ளி.

சுனை நிரம்புச்சு. எல்லாம் ஆட்டுக்கிட்டப் போய், "மனசுல வச்சுக்காதே"ன்னுச்சுங்க.

ஆடு குட்டிக்கு முதல்ல தண்ணி காட்டிட்டுச் சொல்லுச்சு: "தண்ணி திரும்பி வந்துருச்சு. அன்னைக்கு நான் அழுதப்ப எனக்காக நீங்க ஒருத்தரும் பேசலையே, அந்தப் பேச்சை எந்த ஆத்துலேர்ந்து சுமந்து வருவீங்க?"

கதை அவ்வளவுதான். சொம்புல தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் படுங்க. கொறைஞ்சிருந்தா யாரையும் முறைக்காதீங்க, முதல்ல சொம்பு ஒழுகுதான்னு பாருங்க.