இல்லாதவளின் தோட்டம்

ஜமீன் சபையில் வித்யாகரப் பண்டிதர் சொன்னதுதான் சட்டம். பூவாயியின் மல்லிகைத் தோட்டத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ஒருநாள் அவளைச் சபைக்கு வரவழைத்துத் தொண்டையைச் செருமினார்.

"உலகமே வெறும் தோற்றம். நீ இருக்கிறாய் என்று நிரூபி பார்ப்போம். முடியாவிட்டால் தோட்டம் எனக்கு."

ஜமீன்தாரும் தலையசைத்துவிட்டார். பூவாயிக்கு அந்தத் தோட்டம்தான் சோறு.

"சரிங்க சாமி, நான் இல்லைங்க. ஒத்துக்கிறேன்" என்றாள்.

"வென்றேன்!" என்று துள்ளினார் பண்டிதர்.

பூவாயி ஜமீன்தாரைக் கும்பிட்டாள். "எசமான், சாமி யாரை ஜெயிச்சாருன்னு கொஞ்சம் கேளுங்க."

"யாரையா? இதோ கல்தூண் மாதிரி நிற்கிறாளே, இவளைத்தான்!" என்று கத்தினார் பண்டிதர்.

சபை கொல்லென்று சிரித்தது.

"பண்டிதரே நிரூபித்துவிட்டார். தோட்டம் பூவாயிக்குத்தான்" என்றார் ஜமீன்தார்.

அவள் பூப்பறிக்கக் கிளம்பினாள். பண்டிதர் பின்வாசல் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.