பெட்டி சொன்னால்தான் இறங்குவோம்

ஊசிப்பட்டிக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்ன சொல்லை அவர்களைப் போலக் காப்பாற்றுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு ரயிலேறிய ஊசிப்பட்டி மாப்பிள்ளை சீனிச்சாமி, நாலு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கி யார் வீட்டு விசேஷத்திலோ போய் உட்கார்ந்துவிட்டான். அது காதுகுத்து வீடு. இரண்டு காதிலும் ஓட்டையோடு ஊர் திரும்பினான்.

அதனால் கல்யாணத்துக்கு முன் மாமனார் குருநாதன் ஒரு காரியம் செய்தார். அவர் சர்வேயர். கையடக்க ஜி.பி.எஸ். பெட்டி ஒன்றில் கல்யாண மண்டபத்தைக் குறித்து, அதை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

"ஜன்னலோரம் வானம் தெரியப் பிடிச்சுக்குங்க. 'வந்துவிட்டது'ன்னு பெட்டி சொல்ற வரைக்கும் யார் சொன்னாலும் இறங்காதீங்க. நானே சொன்னாலும் சரி."

கல்யாணத்தன்று சீனிச்சாமி, தோழர்கள் தவசி, பெத்தணன் மூவரும் பாசஞ்சர் ரயிலில் ஏறினார்கள். பாதி வழியில் பெட்டி பேசியது. "வேகம் அதிகம். வேகத்தைக் குறைக்கவும்."

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"நாம சும்மாதானே உட்கார்ந்திருக்கோம்?" என்றான் தவசி.

"கடலையை வேகமாத் திங்கிறோம்லா," என்றான் பெத்தணன்.

அதன்பின் ஒவ்வொரு கடலையாக, நிதானமாக மென்றார்கள். ரயிலும் கொஞ்சம் மெதுவாகப் போனது போலத்தான் அவர்களுக்குப் பட்டது.

பெண்ணின் ஊரான வேப்பங்குறிச்சி ஸ்டேஷனுக்கு ரயில் வந்தபோது மணி பத்து. பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. பிளாட்பாரத்தில் மேளம், மாலை, ஆரத்தித் தட்டு எல்லாம் தயார். பெட்டி மட்டும், "இன்னும் அறுநூறு மீட்டர்," என்றது.

"இறங்குங்க மாப்பிள்ளே," என்றார் குருநாதன்.

"பெட்டி சொல்லலையே மாமா."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னாலும் இறங்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பெரியவங்க சொல்லை மீறலாமா?"

ரயில் ஊதிவிட்டது. மனிதரால் ஜன்னல் கம்பி வழியாக மாலையைத்தான் திணிக்க முடிந்தது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ரயிலோடு போய்விட்டான்.

தண்டவாளம் மண்டபத்தின் கொல்லைப்புறமாகவே போகிறது. "முந்நூறு மீட்டர்... நூறு மீட்டர்..." பிறகு பெட்டி தெளிவாகச் சொன்னது: "வந்துவிட்டது."

பெத்தணன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். ரயில் முனகிக்கொண்டே போய், மண்டபம் தாண்டி ஒரு பொட்டலில் நின்றது.

"நானூறு மீட்டர் தாண்டிவிட்டீர்கள். திரும்பிச் செல்லவும்," என்றது பெட்டி.

எழுந்த மூவரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். கார்டு ஓடி வந்தார். "யாருய்யா இழுத்தது?"

"நாங்கதான் சார். ஒரு நானூறு மீட்டர் பின்னால எடுங்க, இறங்கிக்கிடுதோம்," என்றான் தவசி, மரியாதையாக.

கார்டு பேசியதை நான் எழுத முடியாது.

அதற்குள் தண்டவாளத்தோரமாகவே கல்யாண வீடு மொத்தமும் ஓடி வந்தது. முன்னால் மணப்பெண் காந்திமதி, பின்னால் தாலித் தட்டோடு ஐயர். மணி பத்து இருபது. குருநாதன் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், ஒரே மகள்.

காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, அவங்க மண்டபத்துக்கு வர மாட்டாங்க. பெட்டியை வாங்கி, மண்டபத்தை இங்க கொண்டாந்து வைங்க."

சர்வேயருக்குச் சட்டென்று புரிந்தது. ஜன்னல் வழியாகப் பெட்டியை வாங்கி, பழைய குறியை அழித்து, நின்ற இடத்தையே குறித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வந்துவிட்டது," என்றது பெட்டி.

மூவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக இறங்கினார்கள். வந்த இடத்தை விட்டு இனி ஓர் அடி நகர மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அங்கேயே, கருவேல மரத்தடியில், பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. ரயிலில் இருந்தவர்கள் அட்சதை இல்லாததால் கடலையைத் தூவினார்கள். குருநாதன் சந்தோஷத்தில் அழுதார்.

ரயில் கிளம்பிப் போனது. பெத்தணன் பொட்டலை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாமனார் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"மண்டபத்தை நல்லாப் பெரிசாத்தான் பிடிச்சிருக்கீங்க மாமா. ஒரு ஃபேன் மட்டும் போடச் சொல்லுங்க."